முதல் ஓலை

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் தம்பி, வரிசை மாறாமல் சொல்கிறேன். எங்கள் கோவில் வழக்கம் எதுவும் தெரியாது என்றீர்கள். நல்லது. தெரிந்தவர்களிடம் பேசிப் பேசித்தான் என் தொண்டை இப்படி ஆனது. நாற்காலியை அந்த மாதா கெபியின், குகை போலக் கட்டியிருக்கிறதே, அதன் நிழலுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மைக்செட் பெட்டி மட்டும் என் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏன் என்பது அதன் இடம் வரும்போது வரும்.

கோவில் ஆண்டு ஜனவரியில் தொடங்காது. கிறிஸ்து பிறப்புக்கு நாலு ஞாயிறுக்கு முன்னால் தொடங்கும். திருவருகைக் காலம் என்று பெயர். சாமியார் ஊதா உடுப்பு உடுத்துவார். வரப்போகிறவருக்காகக் காத்திருக்கும் காலம். நானும் அநீதிகளை அங்கிருந்துதான் எண்ணுவேன். அந்தக் காலத்தில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை, அதாவது சிலையை, தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடி வருவார்கள். மேலத்தெரு முழுவதும் வருவார்கள். வாய்க்கால் பாலம் வரை வருவார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் கீழத்தெரு, எங்கள் தெரு. பாலத்தில் நின்று ஒரு பாட்டைப் பாடிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தோம். இது முதலாவது.

இரண்டாவது, கிறிஸ்து பிறப்பு. வெள்ளை உடுப்பு. பூசை முடிந்ததும் குழந்தை சுரூபத்தின் பாதத்தை எல்லோரும் முத்தமிட வேண்டும். மேலத்தெரு வரிசை முதலில் போகும். கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளை சும்மா நிற்பார். எங்கள் வரிசை தொடங்கியதும் தோளில் கிடக்கும் துணியை எடுப்பார். ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு துடை. பாதத்தில் பூசிய வண்ணமே எங்களால் போய்விட்டது என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள்.

மூன்றாவது, சாம்பல் புதன். மறுபடியும் ஊதா. தவக்காலம் தொடங்கும் நாள். போன ஆண்டுக் குருத்தோலையை எரித்து அந்தச் சாம்பலை நெற்றியில் பூசி, மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பார்கள். ஓலை எங்கள் பனையில் வெட்டியது. எரித்தது எங்கள் ஆள். ஆனால் தட்டு இரண்டு, தெருவுக்கு ஒன்று. ஆறடி மண்ணிலும் இரண்டு ரகம் வைத்திருந்தார்கள்.

நாலாவது, பெரிய வியாழன். ஆண்டவர் சீடர்களின் பாதத்தைக் கழுவிய நாள். பன்னிரண்டு பேரை உட்கார வைத்துச் சாமியார் கழுவுவார். பன்னிரண்டு பேரும் மேலத்தெரு. நான் துண்டறிக்கை போட்டேன். அடுத்த ஆண்டு எங்களில் ஒருவருக்குப் பன்னிரண்டாவது நாற்காலி கொடுத்தார்கள். பன்னிரண்டாவது, காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடம் என்று ஊருக்கே தெரியும். அவர் காலைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, "முப்பது காசு கெடச்சுதாப்பா" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் அதோடு கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஐந்தாவது, பெரிய வெள்ளி. அன்று பூசை கிடையாது, மணி கிடையாது. ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை ஆள் ஆளாகப் பிரித்து வாசிப்பார்கள். சாமியார் இயேசு. மேலத்தெரு வாத்தியார், தீர்ப்புச் சொன்ன பிலாத்து. எங்களுக்குக் கூட்டத்தின் குரல். "சிலுவையில் அறையும், சிலுவையில் அறையும்" என்று கத்துவது மட்டும் எங்கள் வேலை. ஆண்டு தவறாமல் ஆண்டவரைக் கொன்றவர்கள் நாங்கள். பிலாத்து கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிப்பார்.

ஆறாவதுதான் உங்கள் பெட்டி சம்பந்தப்பட்டது. பாஸ்காத் திருவிழிப்பு. உயிர்ப்பு என்கிற ஈஸ்டருக்கு முந்தைய இரவு. புது நெருப்பு, புதுத் தண்ணீர், நாற்பது நாளாகப் பாடாத அல்லேலூயா, எல்லாம் அன்றைக்குத்தான். பல ஆண்டு சண்டைக்குப் பிறகு எங்கள் தெரு டீச்சர் சலேத்துக்கு முதல் வாசகம் வாசிக்க அனுமதி கிடைத்தது. ஆதியிலே கடவுள் விண்ணையும் மண்ணையும் படைத்தார் என்ற வாசகம். அவள் வாயைத் திறந்தாள். மைக் செத்துப்போனது. அவள் கடைசி வரியை முடித்து இறங்கிய பிறகுதான் உயிர்த்தது. ஒயரை எலி கடித்துவிட்டது என்றார்கள். அதுவரை கடிக்காத எலி. அதனால்தான் தம்பி, இந்தப் பெட்டியை விட்டு இன்று நான் நகரப்போவதில்லை. உங்கள் மேல் சந்தேகம் இல்லை. உங்களுக்குக் கூலி கொடுப்பது யார் என்பதுதான் சந்தேகம்.

ஏழாவது, பச்சை உடுப்புக் காலம். நீண்ட காலம். பொதுக்காலம் என்று பெயர். திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கு வராததெல்லாம் அதில்தான் அடக்கம். கடைசியாக நவம்பரில் கல்லறைத் திருநாள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் சாமியார் நடந்து நடந்து ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளிப்பார். இந்தப் பக்கத்துக்குச் சுவரின் மேலாக வீசுவார். என் தகப்பனார் மேல் எத்தனை சொட்டு விழுந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இதில் பாதி இன்று இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும் அல்லவா? சாம்பல் தட்டு ஒன்றாகிவிட்டது. துணியும் போய்விட்டது. பாட்டுக் குழு பாலத்தைத் தாண்டி வருகிறது. யாரால்? என் துண்டறிக்கைகளால். ஆனால் எங்கள் தெருப் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். "அது தானா மாறிடுச்சு பெரியப்பா, காலம் மாறுதுல்ல" என்பார்கள். துண்டறிக்கை கொடுத்தால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, போனில் படம் பிடித்துக்கொண்டு தாளை என்னிடமே தருகிறார்கள்.

வேறு மதத்துக்குப் போயிருக்கலாமே என்றுதானே பார்க்கிறீர்கள்? எல்லோரும் கேட்பதுதான். நான் ஏன் போக வேண்டும்? இந்த வழிபாட்டில் ஒரு வரிகூடப் பொய் இல்லை தம்பி. அடித்துக் கொல்லப்பட்ட ஏழைத் தச்சன் ஒருவனுக்காக ஆண்டு முழுவதையும் பிரித்து, இது காத்திருக்கிற காலம், இது அழுகிற காலம், இது அவன் எழுந்துவிட்ட காலம் என்று வைத்திருக்கிறார்கள். தவக்காலத்துக் கடைசியில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். கண்ணுக்கே பசி வரவேண்டும் என்பதற்காக. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள். அதை நடத்துகிற கைகள்தான் சரியில்லை. அதனால் நான் வெளியேறவில்லை. உள்ளேயும் போவதில்லை. வாசல்படியில் நிற்பேன். முப்பத்தெட்டு ஆண்டாக அந்தப் படி என் இடம்.

மணி அடிக்கிறது. பூசை தொடங்கிவிட்டது. சத்தம் போதும், கூட்ட வேண்டாம். கூட்ட வேண்டிய நேரத்தில் சொல்கிறேன்.

வரிசையில் ஒன்றை வேண்டுமென்றே விட்டேன். அதற்குத் தனிக் காலம் கிடையாது. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் மட்டும் நடக்காது. கல்யாண ஓலை. எங்களில் யாருக்காவது கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊர் கேட்க வாசிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். மேலத்தெரு ஓலையைச் சாமியார் பீடத்தில் நின்று வாசிப்பார். எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். எங்கள் ஓலையை, கடைசி ஆசீர் முடிந்து கூட்டம் கலைந்து செருப்புத் தேடுகிற நேரத்தில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசலில் நின்று வாசிப்பார். யார் பெயர், யாருக்கு யார், ஒன்றும் கேட்காது. இன்றுவரை அப்படித்தான்.

என் கல்யாணம் அந்த இடத்தில் முட்டி நின்றது. பீடத்தில் வாசித்தால் கல்யாணம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். அப்போதிருந்த சாமியார் முடியாது என்றார். ‘வாசலில் வாசிக்கப்படும் பெயர்கள்’ என்று துண்டறிக்கை போட்டேன். மஞ்சள் தாள், இரண்டு பக்கம். பிறகு ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டோம். அன்றே என் மனைவிக்குச் செங்கொடி என்று பெயர் சூட்டினேன். சங்கத் தோழர்கள் கைதட்டினார்கள். அவளுக்குக் கோவிலில் வைத்த பெயர் துயரத்தின் பெயர் தம்பி, மகனைப் பறிகொடுத்து அழுத மாதாவின் பெயர். ஒரு பெண் குழந்தைக்கு வைக்கிற பெயரா அது? எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் வைப்பார்கள், பெயரிலேயே அழ வைத்துவிடுவார்கள். அதைத் தூக்கி எறிந்தேன். என் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அவளுடைய தாயார் மட்டும் சாகும்வரை பழைய பெயரில்தான் கூப்பிட்டாள், திருத்த முடியவில்லை. ஊருக்கு அவள் செங்கொடியக்கா.

அவள் என்ன சொன்னாள் என்கிறீர்களா? மாலையும் கழுத்துமாக நின்று சிரித்தாள். சிரித்தால் சம்மதம்தானே.

நான் பெயரை மாற்றிக்கொண்டேனா? சந்தியாகு என்பது துண்டறிக்கையில் அச்சான பெயர் தம்பி. போலீஸ் ஸ்டேசன் வரைக்கும் தெரிந்த பெயர். அதை எப்படி மாற்றுவது?

கோவிலில் கல்யாணம் ஆகாதவர்கள் நன்மை வாங்க முடியாது. நன்மை என்றால் நற்கருணை. பூசையில் சாமியார் நாவில் வைக்கிற அப்பம், அதற்காகத்தான் பூசையே. அதை அவளுக்கு மறுத்தார்கள். முப்பத்தெட்டு ஆண்டு. அவளும் ஒரு ஞாயிறு விடாமல் போவாள். நன்மை நேரத்தில் வரிசையில் எல்லோரும் எழுவார்கள். அவள் எழமாட்டாள். முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி, போகிறவர்களுக்கு வழி விடுவாள். திரும்பி வரும்போது மறுபடியும் ஒதுக்குவாள். நான் படியில் நின்று பார்ப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் என் ரத்தம் கொதிக்கும். எப்படிப்பட்ட கொடுமையைச் செய்கிறார்கள் பாருங்கள், ஒரு பெண்ணுக்கு.

அவளுடைய பிடிவாதமும் லேசானதில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாமிசம் கூடாது என்பது சட்டம். நான் அன்று கறி சாப்பிடுவேன், கொள்கைக்காக. அவளே சமைத்துப் போடுவாள், ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். ஆனால் குழம்பை நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டாள். தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைக் குழம்பில் உப்பு ஒன்று கூடிப்போகும், இல்லை குறைந்துபோகும். இத்தனை ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் நல்ல குழம்பு சாப்பிட்டதில்லை. இதையும் துண்டறிக்கையிலா போட முடியும்?

பொறுங்கள், நற்செய்தி வாசிக்கிறார். கேட்கிறதா? தோமையார் கதை. உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு எப்போதும் இதுதான் வரும். ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஆணி அடித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார் இவர். பன்னிரண்டு பேரில் அத்தாட்சி கேட்டது இவர் ஒருவர்தான். எனக்குப் பிடித்தவர். சந்தேகத் தோமை என்று கேலி செய்வார்கள். ஆனால் அவர் கேட்டதற்காகத்தான் ஆண்டவர் மறுபடியும் வந்தார்.

இனி பிரசங்கம். விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து நின்றாள். அவளுக்கு நெஞ்சில் வால்வு கெட்டுப்போய்விட்டது. மதுரையில் ஆபரேசன் என்று அதற்கு முன்தினம்தான் முடிவாகியிருந்தது. வருகிற வியாழக்கிழமை. வயதானவர்களுக்கு எப்படியும் போகலாம் என்று டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

"ஆபரேசனுக்கு முன்னால ஒரு தடவ நன்மை வாங்கிடணும்ங்க" என்றாள்.

"வாங்கலாம். முதலில் ஓலையைப் பீடத்தில் வாசிக்கட்டும்" என்றேன்.

"இதத்தான் நம்ம கல்யாணத்தப்பவும் சொன்னீங்க" என்றாள்.

கொள்கை மாறாதவன் என்று அவள் வாயாலேயே சொன்னாள், பாருங்கள். என்ன இருந்தாலும் போராளியின் மனைவி.

இருவரும் சாமியார் பங்களாவுக்குப் போனோம். இப்போதிருப்பவர் கஸ்பார் சாமி. சின்ன வயது, முகத்தில் கள்ளமில்லை. அதனாலேயே கவனமாக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் உருகிவிட்டார். "ஐயா, இதுக்கு எதுக்குக் காத்திருக்கணும்? ஆயர்கிட்டப் பேசி ஓலைக்கு விலக்கு வாங்கிடறேன். சக்ரீஸ்துல ரெண்டு சாட்சி வச்சு கல்யாணத்த மந்திரிச்சிடலாம். பெரிய வியாழன் அன்னைக்கு அம்மா நன்மை வாங்கிடலாம்" என்றார்.

ஆயர் என்றால் சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கும் பிஷப். சக்ரீஸ்து என்றால் பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடுப்பு மாற்றுகிற அறை.

"சரி சாமி" என்றாள் அவள். நான் வாயைத் திறப்பதற்குள்.

"சரியில்லை சாமி" என்றேன். "முன்வாசலில் நின்று கேட்டதை முப்பத்தெட்டு ஆண்டு கழித்துப் பின்வாசலில் வாங்கிக்கொள்வதா? இரண்டு தெருவும் கேட்க, மைக்கில், பீடத்தில் நின்று வாசியுங்கள். உபதேசியார் இல்லை, நீங்கள். ஆசீருக்கு முன்னால், ஜனங்கள் உட்கார்ந்திருக்கும்போது."

"தவக்காலத்துல ஓலை வாசிக்கிற வழக்கம் இல்லீங்களே. உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வாரம்தான் முடியும். அம்மாவுக்கு உடம்பு…"

"காத்திருப்போம்" என்றேன்.

"அம்மா என்ன நினைக்கிறாங்கன்னும் கேட்டுக்குவோமே."

"நாங்கள் இருவரும் ஒரே குரல் சாமி" என்றேன். அவள் சுவரில் மாட்டியிருந்த கோவில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதாக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

கடைசியில் முடிவானது இதுதான். இன்றைக்கு முதல் ஓலை, பீடத்தில். மற்ற இரண்டுக்கும் ஆயரின் விலக்கு. நாளை காலை திருமணப் பூசை, அதில் அவளுக்கு நன்மை. நாளை மறுநாள் மதுரை. இன்று ஓலை வாசிக்கவில்லை என்றால் நாளை கல்யாணம் இல்லை, நன்மை இல்லை. அவள் வெறும் வயிற்றோடு போவது போலத்தான். நடக்குமா நடக்காதா என்பதுதான் தம்பி, காலையிலிருந்து என் நெஞ்சில் கிடக்கிறது. அவளுக்கு வால்வு, எனக்கு இது.

ஏனென்றால் மேலத்தெரு சும்மா இருக்கவில்லை. கோவில் காரியங்களை முடிவு செய்யும் பங்குப் பேரவையில் மதலைமுத்து எழுந்து, "எழுபது வயசுல ஓலையா சாமி? ஊரு சிரிக்காதா? எப்பவும்போல வாசல்லயே வாசிச்சுட்டுப் போகலாம்ல" என்று கேட்டார். மதலைமுத்துதான் இந்த ஊரின் நாட்டாண்மை. உங்களுக்குக் கூலி கொடுப்பவரும் அவர்தான். சாமியார், "பார்ப்போம்" என்றாராம். இந்த ஊரில் எத்தனை பார்ப்போம்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகன் திருப்பூரிலிருந்து போன் செய்து, "அப்பா கல்யாணம்னு லீவு கேட்டா சூப்பர்வைசர் சிரிக்கிறாருப்பா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். இது யாருக்கும் சிரிப்பு இல்லை.

போன ஞாயிறு உயிர்ப்புத் திருநாள். வெள்ளை உடுப்பு, அல்லேலூயா. நடக்க முடியாதவர்கள்கூட நன்மைக்கு எழுந்து போனார்கள். அவள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "இன்னும் ஒரே வாரம்தான்" என்றேன். "ஆமா. பெரிய வியாழனோட போயிருந்தா இன்னைக்கு ரெண்டாவது தடவ வாங்கியிருப்பேன்" என்றாள். எல்லாவற்றையும் கணக்காக வைத்திருப்பாள், அது அவள் சுபாவம்.

ஓலைக்கு முன் சாமியார் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது முறை. மனப்பூர்வமாகத்தான் கட்டிக்கொள்கிறாயா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டபோது, யாருடைய வற்புறுத்தலுக்கும் பணிந்தவன் இல்லை நான் என்றேன். ஒரு நிமிடத்தில் முடிந்தது. அவளை உள்ளே வைத்து நெடுநேரம் பேசினார். நான் வராந்தாவில் நடந்து நடந்து கால் வலித்தது.

"என்ன கேட்டார்?" என்றேன், வரும் வழியில்.

"பேரு கேட்டாரு."

"பெயர் கேட்பதற்கு இவ்வளவு நேரமா?"

"சட்டுனு ஞாபகம் வரல" என்றாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. மாத்திரை மயக்கத்தில் ஞாபகம் தப்புகிறது போல. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். சாமியார் குழம்பிவிடக் கூடாது என்று நானே பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். என்னையே பார்த்தார். "நல்லா எழுதறீங்க ஐயா" என்றார். எழுத்தில்தானே என் வாழ்க்கை போனது.

இன்று காலை அவள் வெள்ளைச் சேலை உடுத்தினாள். பெரிய வியாழனுக்கென்று தேய்த்து வைத்த சேலை. "உள்ள வருவீங்களா?" என்றாள். "மைக்கைக் காவல் காக்க வேண்டும்" என்றேன். சலேத்துக்கு நடந்தது இவளுக்கும் நடந்தால்? ஒரு நொடி கரகரத்தால் போதும், பெயர் போய்விடும். "சரி" என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தாள். படியில் மூச்சு வாங்க நின்றாள். நான் இங்கிருந்து பார்த்தேன்.

அதோ, மதலைமுத்து இங்கேதான் வருகிறார். நன்மை நேரத்தில் வெளியே வருகிறார் பாருங்கள். பெட்டியில் கை வைக்காமல் அப்படியே இருங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.

"என்ன சந்தியாகு, மாப்ள முறுக்கா? உள்ள வாய்யா."

"எதற்கு?"

"எதுக்கா? ஓலை வாசிக்கும்போது மாப்பிள்ள வெளிய நின்னா நல்லாவா இருக்கு? தங்கச்சி முன்வரிசையில தனியா உக்காந்திருக்கு. பக்கத்துல எடம் போட்டு வச்சிருக்கு."

"முன்வரிசையிலா? யார் உட்கார வைத்தது?"

"அதுவாத்தான் போயி உக்காந்துச்சு. எங்க வீட்டுப் பொம்பளைங்க நகந்து எடம் விட்டாங்க. வாய்யா, நேரமாகுது."

"நான் எழுந்ததும் இந்தப் பெட்டியை என்ன செய்வதாக உத்தேசம்?"

"அட கடவுளே. அந்த ஒயர எலி கடிச்சுதுன்னு எத்தன தடவய்யா சொல்றது? கடிச்ச ஒயரக் கூட எடுத்து வச்சிருந்தேன், வந்து பாருன்னேன், நீ வரல."

"ஒயரை யார் வேண்டுமானாலும் கடிக்கலாம்."

"நீ திருந்தவே மாட்ட. தம்பி, இவருக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்க, என் கணக்குல."

போகிறார். பார்த்தீர்களா? எவ்வளவு தேனாகப் பேசினார். இடம் போட்டு வைத்திருக்கிறதாம். முப்பத்தெட்டு ஆண்டில் இல்லாத இடம், நான் இந்தப் பெட்டியை விட்டு எழ வேண்டிய நேரத்தில் முளைக்கிறது. எனக்குச் சோடா வேண்டாம்.

அவள் ஏன் முன்வரிசைக்குப் போனாள் என்றுதான் தெரியவில்லை. எப்போதும் தூண் ஓரம் உட்காருபவள். முன்வரிசையில் முழங்காலை ஒதுக்க அவசியம் இருக்காது, யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். அதற்காக இருக்கும்.

நன்மை முடிந்தது. அமைதி. பாத்திரம் துடைக்கிறார். இனி அறிவிப்புகள். இப்போது கூட்டுங்கள் தம்பி, முழுதாகக் கூட்டுங்கள். மரத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாய் இரண்டும் கீழத்தெருப் பக்கம் திரும்பியிருக்கிறதா? ஒன்று மேலத்தெருவுக்கும் இருக்கட்டும். அவர்களுக்குத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்று மாலை கொடியேற்றம் என்கிறார். அது இருக்கட்டும். மறைக்கல்வி வகுப்பு. அதுவும் இருக்கட்டும். தொண்டையைச் செருமுகிறார். உட்காருங்கள் என்கிறார், கேட்டீர்களா? எல்லோரையும் உட்காரச் சொல்கிறார். ஒருவரும் செருப்புத் தேடவில்லை. பீடத்தில்தான் நிற்கிறார், எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, பீடத்தில்தான்.

என் தகப்பனார் பெயர் முதலில் வரும். பிறகு என் பெயர். பிறகு செங்கொடி. கேளுங்கள் தம்பி. நீங்களும் சாட்சி.

"முதலாம் ஓலை. இந்தப் பங்கைச் சேர்ந்த, கீழத்தெரு, காலஞ்சென்ற யாகப்பன், காலஞ்சென்ற அடைக்கலம் இவர்களின் மகன் சந்தியாகுவுக்கும், இந்தப் பங்கைச் சேர்ந்த, கீழத்தெரு, காலஞ்சென்ற தொம்மை, காலஞ்சென்ற பரிபூரணம் இவர்களின் மகள்…"

ஏன் நிறுத்துகிறார்? ஒயரா? பெட்டியில் விளக்கு எரிகிறதே. இல்லை, மைக் உயிரோடுதான் இருக்கிறது. அவர் அவளைப் பார்க்கிறார். அவள் எழுந்து நிற்கிறாள். எதற்காக எழுந்து நிற்கிறாள்?

"…மகள் வியாகுலமேரிக்கும்."